திரைக்கு வெளியே இருந்த கை

என் மகள் வேல்ஸில், கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் கவனித்துக்கொள்பவர்களில் ஒருவர் அந்த நாட்டின் முன்னாள் சினிமா நடிகை. அவருடைய கதையை மகள் வீடியோ காலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவாள். கல்குவாரி ஊரில் பிறந்தவர். சிறுபிள்ளையில் சர்ச்சில் பாட்டு ஒப்புவித்துக் கைதட்டு வாங்கியவர். லண்டனுக்குப் போய்ச் சில வருடம் கதாநாயகி, பிறகு கதாநாயகியின் தோழி, பிறகு அம்மா. வயதான பின் சொந்த மொழியில் ஒரு டிவி தொடரில் கடைக்காரியாக வந்ததுதான் அவருக்குப் பிடித்த வேடமாம். எங்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக வந்து, வசனம் மறந்து அழுதவள் என் மகள். அதைக் கேட்டு அந்த அம்மா வெகுநேரம் சிரித்தாராம்.

அவர் நடித்த பழைய படம் ஒன்றை மகள் அனுப்பியிருந்தாள். குதிரை வண்டியில், முழங்காலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்துகொண்டு, எதிரே இருப்பவனைக் கேலி செய்து சிரிப்பார். கோட்டாற்றில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் காட்சியைக் காட்டினேன்.

இந்தக் குளிர்காலத்தில் மகளின் முகம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழ உட்கார்ந்திருப்பாள். உடம்பு தேறிவிட்டாள் என்று நானும் மனைவியும் சொல்லிக்கொண்டோம். முன்பெல்லாம் நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அங்கே மதியம், அவளும் தட்டோடு வருவாள். அது மட்டும் நின்றுபோயிருந்தது. கேட்டால், சாப்பிட்டாச்சு என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி விடவில்லை. மீன்குழம்பைக் காட்டி ஆசை மூட்டி, தட்டை எடுத்துவரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் தட்டு வந்தது. கூடவே ஒரு ஸ்பூனும்.

“ஏட்டி, என்ன பீச்சாங்கையில திங்கே?” என்றாள் மனைவி. “சோத்துக்கை எங்க?”

மகள் போனை மெதுவாகக் கீழே சாய்த்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டுக்குள் இருந்தது.

பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு உடைந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். லீவில் தன் அறையில் தனியாக இருந்தவள், பகலில் அந்த அம்மாவிடம் போய் உட்காருவாளாம். எங்களுக்குத் தெரியக்கூடாது என்று இவள் அழ, அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: போனை எங்கே சாய்த்து வைப்பது, தோளோடு காட்சியை எப்படி நிறுத்துவது, வீடியோ கால் இணையும் முன்பே சிரிக்கத் தொடங்குவது. அந்தக் குதிரை வண்டியில் கம்பளிக்கு அடியில் அவருடைய கால் மாவுக்கட்டில் இருந்ததாம். ஊரில் படத்தைப் பார்த்த அவருடைய தாய், பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னாராம். கடைசி வரை அந்தத் தாய்க்குத் தெரியாது. இத்தனையும் கற்றுக்கொடுத்த அவருக்கு, எங்கள் வீட்டில் இடது கையால் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை.

“என்னட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்கா?” என்றேன்.

“சொன்னா நீங்க உறங்குவியளாப்பா? வேலைய விட்டுட்டு வாம்பிய.”

அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தேன். முன்பு ஒருமுறை காய்ச்சல் என்றாள். நான் அவளுடைய மேலதிகாரி வரைக்கும் போன் செய்தேன். சர்ச்சில் ஜெபத்துக்குப் பெயர் கொடுத்தேன். டிக்கெட் விலை விசாரித்தேன். அதன் பிறகு அவளுக்குத் தலைவலி என்றுகூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதை நான் அவளுடைய ஆரோக்கியம் என்று எண்ணியிருந்தேன்.

கை சரியாகி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இப்போது வீடியோ கால் வந்ததும் இரண்டு கைகளையும் காட்டச் சொல்லுவாள் மனைவி. சாப்பாட்டுக்கு முன் கை கழுவியதைக் காட்டும் பிள்ளையைப் போல மகள் திருப்பித் திருப்பிக் காட்டுவாள்.

“போதுமா டைரக்டர் சார்?” என்று என்னைக் கேட்பாள்.

போதும் என்பேன். நான் கைகளைப் பார்ப்பதில்லை. திரை தெளியும்போதே அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாளா என்றுதான் பார்க்கிறேன்.