சேற்று வரிசையின் ஆறு வீடுகள்

தேவாலயம், பிரபுவின் மாளிகை, மாவு ஆலை, கொல்லன் பட்டறை, வாத்துக் குளம், மதுக்கடை. எங்கள் அலுவலகத்தின் தலைமைப் படவரைஞர் தன் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்த படத்தில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்கள் இவை. இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊர் ஒரு தெருவும் ஒரு சந்தியும் மட்டுமே கொண்டது. அங்குள்ள தேவாலயத்தின் விழாவுக்காக ஊரின் வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சிட இருந்தார்கள். அதற்கு ஊரின் வரைபடம் ஒன்று வேண்டுமென்று மெல்பேர்னில் குடியேறியிருந்த அவரிடம் கேட்டிருந்தார்கள். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்ததால், மையால் வரைந்து முடிக்க ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அவருக்குக் கீழே கழிவுநீர்க் குழாய்ப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் அவர் குரலை உயர்த்தியதை நான் ஒருமுறைதான் கேட்டேன். நிற்கும் கட்டடத்துக்கு முழுக்கோடு, இடிக்கப்பட்டதற்கு விட்டுவிட்டு வரையும் கோடு என்பது விதி. இடித்த ஒரு கொட்டகையை நான் வரையாமலே விட்டிருந்தேன். இருந்ததை இல்லையென்று படம் சொல்லக் கூடாது என்றார். மண்ணுக்கடியில் அதன் அத்திவாரம் இருக்கும், தோண்டுகிறவன் அதில் முட்டுவான் என்பது அவர் தந்த விளக்கம்.

மாளிகையை வரைந்து முடித்தபோது அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். அவரும் அதே ஊர்க்காரர். பண்ணைக் கூலியின் மகள். படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அவர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே நினைவில் நிற்கிறது.

"எங்கடை வீட்டு வரிசை எங்கை?"

"அதை எப்பவோ இடிச்சுப் போட்டாங்களே. நான் நிக்கிறதுகளைத்தான் போட்டிருக்கிறன்."

"அப்ப ஆலை நிக்குதோ? நாங்கள் கலியாணம் கட்ட முதலே எரிஞ்சு விழுந்தது. நீங்களும்தானே பாக்க ஓடினனீங்கள். எல்லாரும் வாளியோடை ஓட, இவர் கமராவோடை ஓடினவர், பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பேனையைத் துடைத்தேன். கணவர் சிரிக்கவில்லை. இது மரபைச் சொல்லும் புத்தகம், ஆலைக்கு முந்நூறு வயது என்றார். மனைவி தேநீர்த் தட்டை வாத்துக் குளத்தின் மேலேயே வைத்தார்.

"என்ரை பிள்ளையள் இஞ்சை பிறந்ததுகள். அம்மா எங்கை பிறந்தவ எண்டு கேட்டால் எதைக் காட்டுறது? ஊர்ப் படத்திலையும் இல்லையெண்டால் நான் எங்கையும் பிறக்கேல்லை."

கணவர் தட்டை நகர்த்திவிட்டு, பென்சிலால் வரைந்திருந்த ஆலையை முழுவதும் அழித்தார். அதே இடத்தில், நடுங்கும் கையால், விட்டுவிட்டு வரும் கோட்டில் அதைத் திரும்ப வரைந்தார். "உம்மடை வரிசைக்குத் தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் இருந்தது?" என்று மனைவியைக் கேட்டார். ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய், கடைசி வீட்டுச் சுவரோடு என்றார் மனைவி. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆறு வீடுகளையும் விட்டுவிட்டு வரும் கோட்டில் வரைந்தேன். பெயரைத்தான் கணவர் ஏற்கத் தயங்கினார். சேற்று வரிசை என்பது கேலிப்பெயர் அல்லவா என்றார். "அதை வைச்சதே நாங்கள்தான்" என்றார் மனைவி. அப்படியே எழுதினேன். தேவாலயத்தின் பெயருக்கு எழுதிய அதே அளவு எழுத்தில்.

தலைமைப் படவரைஞர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இப்போது வேறு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் பென்சிலால் வரைந்த ஒரு தாளை நீட்டினார். எங்கள் ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலருக்கு ஊர்ப் படம் வேண்டுமாம். கோயில், தேர்முட்டி, பள்ளிக்கூடம், வாசிகசாலை, சந்தை, குளம் எல்லாம் அதில் இருந்தன. கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ள விடப்படாதவர்கள் வயலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகள் படத்தில் இல்லை.

"வயலுக்கு அங்காலை வீடுகள் இருக்கல்லோ, அத்தான்?"

"கோயில் மலரிலை அதுகள் என்னத்துக்குப் பிள்ளை? வீண் கதை வரும்."

"இடிச்சுப் போட்டினமோ?"

"சீச்சீ, ஆர் இடிக்கிறது? அப்பிடியே இருக்குது."

"அப்ப முழுக்கோடுதான்" என்றேன்.

அத்தான் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார், ஆனால் போகவில்லை. நான் பென்சிலை எடுத்து வயலைத் தாண்டிக் கையைக் கொண்டுபோனேன். எத்தனை வீடுகள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.