முடிவுரைக்கு அடியில் கையெழுத்து

முடிவுரை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் ஒன்பதாம் தரம் வரைக்கும் நினைத்திருந்தேன். எதைப் பற்றி எழுதினாலும் ‘இத்துடன் நிறைவு செய்கிறேன், நன்றி’ என்று போட்டு, கீழே ஒரு கோடு கிழித்துவிடுவேன். வேலை முடிந்தது. அந்த வருடம் டீச்சர் அந்த வரியையே சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஆராய்ந்து எழுதும் செயற்றிட்டத்தின் முடிவுரை விடைபெறுவதற்கு இல்லை, கண்டறிந்தது என்ன, அதற்கு என்ன செய்யலாம் என்று சொல்வதற்கு என்றார். பள்ளிக் கண்காட்சியில் முதலாவதாக வருவது மாவட்டப் போட்டிக்குப் பதுளைக்குப் போகும். நான் பதுளைக்குப் போவதென்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தண்ணீர்தான் என் தலைப்பு. மலையிலிருந்து வரும் குழாய் முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாப் பூந்தோட்டத்துக்குப் போகும். மிஞ்சியது தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லயத்துக்கு. அதிலும் மிஞ்சியதுதான் எங்கள் கீழ் லயத்துப் பீலியில் வந்து சொட்டும். வெயில் காலத்தில் பெண்கள் விடியுமுன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கொழுந்தெடுக்கப் போக நேரமாகிவிட்டதே என்று வெறுங்குடத்தோடு திரும்புவார்கள். இதையெல்லாம் எழுதி, பசறையில் பிரின்ட் எடுத்த போட்டோக்களையும் ஒட்டிவிட்டேன். முடிவுரைதான் வரவில்லை.

மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி, தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். துரைக்கு மனு எழுதியே பேனா தேய்ந்த மனிதர். ஆனால் அவருடைய மனுவில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது, எல்லோரும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். என் செயற்றிட்டத்தை அவர் நிதானமாகப் படித்தார்.

“கடைசியில கேட்டுப்புடணும். கேட்டா அடியில பேரு இருக்கணும்,” என்றார்.

எனக்கு அது போதும். காலை நேரத்தில் மட்டும் பூந்தோட்டத்துத் தண்ணீரைக் கீழ் லயத்துக்குத் திருப்பிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன். அடியில் ‘இப்படிக்கு’ போட்டு, வீடு வீடாகக் கிளம்பினேன். மாமாவுக்கு நாள் கடத்தியவர்கள் எனக்கு உடனே போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று மட்டும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் என் பேச்சுத் திறமை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். எழுத்துப் பிழைக்கெல்லாம் உங்களுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்று தைரியம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போட்டார்.

கண்காட்சிக்குப் பிரதம விருந்தினர் வேறு யாரும் இல்லை, துரைதான். டீச்சர் என் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததே அன்று காலையில்தான். அவர் முகம் வெளுத்துப் போனது. அதை எடுத்து மறைப்பதற்குள் துரை என் மேசைக்கு வந்துவிட்டார். முடிவுரையைப் படித்தார். கையெழுத்துகளின் மேல் அவர் விரல் மெல்ல இறங்கியது. யார் இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டார்.

மண்டப வாசலில் நின்ற மாமா ஓரடி முன்னால் வைத்தார். எனக்குப் பகீரென்றது. முதல் பரிசில் பங்குக்கு வருகிறாரே.

“யாரும் சொல்லலீங்க. நானேதான் எழுதுனேன், நானேதான் வீடு வீடா போயி கையெழுத்து வாங்குனேன்,” என்றேன் சத்தமாக.

துரை என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற பெற்றோர்களைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, நல்ல செயற்றிட்டம் என்று என் தோளில் தட்டினார். கொஞ்ச நாளில் எங்கள் பீலியில் காலைத் தண்ணீர் வந்தது. நான் பதுளைக்கும் போய்வந்தேன்.

கண்காட்சி முடிந்த அன்று லயமே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பரிசுக்கு இத்தனை அழுகையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மாமாவோடு மட்டும் நான் பேசவில்லை. அவர் மேல் அவ்வளவு கோபம்.

துரையை எதிர்த்துப் பெயர் எழுதியவர்களுக்கு மறுநாள் வேலை கிடைக்காமல் போகலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டு வாங்கியது என்றால் யார் மேலும் பழி போட முடியாது என்பதும் தெரியாது. அந்தப் பழி மொத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் மாமா அந்த ஓரடியை எடுத்துவைத்தார். அதை அவர் சொல்லவும் இல்லை. என் கோபம் தீரும்வரை, பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தார்.