சாரின் அம்மா பாடிய பாட்டுகள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஜன்னலோர நாற்காலியில் சார். அடுப்படியில் அவர் மகள். சாருக்கு எதிரில் நோட்டோடு நான். வேறு யாரும் இல்லை. வியாழக்கிழமை.

சார் கொச்சி யூதர். மதராஸில் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், அதனால் தமிழ் நன்றாக வரும். பிறகு நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டார். அவர்கள் சமூகத்துப் பெண்கள் கல்யாணத்தில் மலையாளத்தில் பாடும் பாட்டுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அவர் வேலை. நாற்பது வருடம். அந்தப் பெண்களின் பாட்டு நோட்டுகளை நகலெடுத்து அலமாரி முழுக்க வைத்திருந்தார். அவர் அம்மாவுக்கு மட்டும் நோட்டு கிடையாது. எழுதத் தெரியாதவர். அவர் பாடியது சார் தலையில்தான் இருந்தது. அவர் போட இருந்த புத்தகத்தில் அது ஒன்றுதான் பாக்கி.

நான் சமைக்கப் போனவள். என் மகன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சாருக்குக் கை நடுக்கம் வந்ததும் என்னையே எழுதச் சொன்னார். நான் அஞ்சாவது வரை. தமிழ் எழுத்தில் எழுதினேன். டேப் ரெக்கார்டர் வைத்தால் அவருக்குப் பாட்டு வராது. எதிரில் ஒரு முகம் வேண்டும்.

ராகு காலத்தில் புதுப் பாட்டு தொடங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"எங்க ஓய்வு நாள்னு நான் சனிக்கிழமை பேனா தொடறதில்லை. உனக்கு தினம் ஒன்றரை மணி நேரம் சனிக்கிழமை. இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார்.

அந்த வியாழன் ஒரு பாட்டு முடிந்தபோது மணி ஒன்றரை. மிச்சத்தை விரல் விட்டு எண்ணினார்.

"அடுத்தது இப்பவே வருதும்மா. எழுதிக்கோ."

"மூணு மணிக்கு, சார்."

"மூணு மணிக்கு எங்கம்மா வேற வேலையா போயிடுவாங்க."

"அப்பா, ஆன்ட்டியை டீஸ் பண்ணாதீங்க. லஞ்ச் ஆறுது" என்றாள் மகள்.

"சரி, ராகு போறதுக்குள்ள நான் சாப்பிட்டுடறேன்."

ரசம் சோறு சாப்பிட்டார். இரண்டரைக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று ஆகவில்லை.

பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ராகு காலத்திலும் உட்கார்ந்தேன். உதடு அசையும். எழுத ஒன்றும் வராது. பத்தாம் நாள் போய்விட்டார்.

அடக்கமெல்லாம் முடிந்து மகள் கூப்பிட்டாள். நான் நோட்டைப் படிக்கப் படிக்க அவள் டைப் பண்ணினாள். கடைசிப் பக்கம் வந்தது.

"ஆன்ட்டி, இன்னும் எத்தனை இருக்குன்னு அப்பா சொன்னாரா? புக்ல போடணும். நான் கோவப்பட மாட்டேன்."

சொன்னேன்.

ஏழு.