குல்மார்க்குக்கு ஒரு டிக்கெட், சறுக்குப் பயிற்சியோடு

இன்று காலை அருப்புக்கோட்டையில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். ஜனவரியில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போக வேண்டும், பனிச்சறுக்குப் பயிற்சியும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்றேன்.

அங்கிருந்த தம்பி காசி யாத்திரை நோட்டீசை நீட்டினார். "உங்க வயசுக்கு இதாம்மா தோது. நம்ம ஊருச் சாப்பாடு."

"காசிக்கு இரண்டு முறை போயாயிற்று. பனியில் ஒரு முறைகூடச் சறுக்கவில்லை."

"வேடிக்கை பாக்க மட்டும் போடுறேன். சறுக்கணும்னா மகன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும். நம்பர் குடுங்க."

"எழுபத்தொரு வயதில் என் கால்களுக்கு நானே கையெழுத்துப் போடுவேன்."

தம்பி மறுபடியும் மகன் நம்பரையே கேட்டார். மெக்காவுக்கு உம்ரா யாத்திரை டிக்கெட்டுக்காகப் பக்கத்தில் காத்திருந்த அம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் தம்பி, துபாய்ல கட்டடத்துக்குள்ளயே பனியக் கொட்டி வச்சிருக்காக. எனக்கு அறுபத்தெட்டு. புர்காவோட சறுக்குனேன்."

"விழுகலையா?" என்றார் தம்பி.

"விழுகாம? மெத்தையாட்டம் இருந்துச்சு. நம்ம கரிசக்காட்டுல விழுந்தாத்தான் இடுப்பு போகும். இவுக பேரை எழுதுங்க."

எழுதினார். சறுக்குப் பயிற்சியோடு.

இனி கம்பளிக் கோட்டு வேண்டும். ஜவுளிக்கடையில் கேட்டால் மப்ளரைக் காட்டுகிறார்கள். நல்ல கோட்டு கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மகனிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்காதீர்கள். அவனும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.