கடைசி அத்தியாயம் எழுதிய ஞாயிறு

பல்லடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஃபிளெக்ஸ் கடையில் நஞ்சுண்டனுக்குப் பதினாறு வருட வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக் கொடுப்பான். மிச்ச நேரத்தில் நாவல் எழுதினான். பதினோரு வருடத்தில் மூன்று ஆரம்பித்தான். மூன்றும் நாற்பதாவது பக்கத்தில் படுத்துக்கொண்டன. "கோழியே இருவத்தியொரு நாள்ல குஞ்சு பொரிச்சுப்போடுதுங்க," என்பாள் அவன் மனைவி. கோழிப்பண்ணை ஊரில் இருந்துகொண்டு அந்தப் பேச்சைக் கேட்பது லேசில்லை.

நாலாவது கதை தானாகக் கடைக்குள் நடந்து வந்தது. அங்கப்பன் என்றொரு விவசாயி இறந்ததற்கு அவருடைய இரண்டு மகன்கள் அஞ்சலி பேனர் போட வந்தார்கள். பேரன் பேத்தி, பங்காளி, மாமன் மச்சான் என்று பெயர்ப்பட்டியல் முழ நீளம் இருந்தது. பெற்ற மகள் பழனாத்தாள் பெயர் மட்டும் அதில் இல்லை. புருஷன் செத்த பிறகு, அப்பன் பூமியில் பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டாளாம். மறுநாள் அவளே வந்தாள். அப்பன் படத்துக்குக் கீழே தன் பெயர் ஒன்றை மட்டும் போட்டுச் சின்னதாக ஒரு பேனர் கேட்டாள். ஊருக்குள் கட்ட விடமாட்டார்கள், வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன் என்றாள்.

நஞ்சுண்டனுக்குக் கை பரபரத்தது. எழுதுகிறவனுக்கு ஈர மனசு என்று ஒரு பேச்சு உண்டு. எவன் கிளப்பிவிட்டானோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். தறிக்கூடத்தில் ஆறு நாள் நின்று கால் வீங்கியவள், டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, ராத்திரி என்ன நினைப்பு வருது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அதையெல்லாம் அவளிடம் யாரும் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது, பாவம். ஞாயிறு வந்தால் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டாள்.

நூற்று எண்பது பக்கம் மளமளவென்று வந்தது. பிறகு வண்டி நின்றது. முடிவு கிடைக்கவில்லை. அவளிடமே புலம்பினான்.

"கதையிலயாச்சும் பொறந்தவனுக வந்து ஊட்டுக்குக் கூப்புடட்டுமுங்க தம்பி," என்றாள்.

பார்க்கலாங்க்கா என்று சொல்லிவைத்தான். மனதுக்குள், இது சினிமா முடிவு, சாவுதான் கனமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அந்த வாரம், நாவலை முடிப்பது எப்படி என்று எவனோ பேசிய வீடியோ ஒன்றைப் போனில் பார்த்தான். ஒரே நேரத்தில் உட்கார், யார் வந்தாலும் எழுந்திருக்காதே, முடித்தவன்தான் எழுத்தாளன் என்று அதில் சொன்னார்கள். நஞ்சுண்டனுக்கு அது வேதவாக்காகப் பட்டது. முதலாளியிடம் சாவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிய கடைக்குள் உட்கார ஆரம்பித்தான். பழனாத்தாள் வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, கதையில் அவளைச் சாகடித்துக்கொண்டிருந்தபோது, அவசர பேனர் ஓட்ட வந்திருந்த மெஷின்காரர் ஆல்வின் உள்ளே எட்டிப் பார்த்தார். பழனாத்தாளக்கா வந்திருக்குது, ஒரு வார்த்தை கேக்கோணுமாம் என்றார்.

விரல் நின்றால் போச்சு என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றியது. இல்லையென்று சொல்லச் சொன்னான். கோயமுத்தூர் போயிட்டாருங்க என்று ஆல்வின் மனசில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். அவள் உடனே போய்விடவில்லை. எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றாள். பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை நின்றாள். திரைச்சீலையை விலக்கி இரண்டு தடவை பார்த்தான். முந்தானையைத் தலைக்குப் போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றதை அப்படியே கதையில் எழுதினான். பாவி, அது நல்ல பத்தியாகவும் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே நாவல் முடிந்தது.

திருத்தம் பார்க்க இன்னும் மூன்று வாரம் ஓடியது. பிறகு தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனான். பழனாத்தாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மெர்சி வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பழனாத்தாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு பதினேழு நாள் ஆகிறது என்றாள். வியாழக்கிழமை கதவை உடைத்துத்தான் பார்த்தார்களாம்.

நஞ்சுண்டன் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அக்கா கடைக்கு என்னிடம் என்ன கேட்க வந்தார்கள் என்று கேட்டான்.

"பெரியண்ணன் சொல்லி உட்டிருந்தாருங்க. புதங்கெழமைக்குள்ள ஆரையாச்சும் கூட்டீட்டு வா, பேசித் தீத்துக்கலாம்னு."

பிணக்கான வீட்டு வாசலை எங்கள் பக்கம் யாரும் ஒண்டியாக மிதிப்பதில்லை. நடுவில் நின்று பேசிவிட ஒரு மனுஷர் கூடப் போக வேண்டும், அதுதான் மரியாதை. பழனாத்தாளுக்கு அப்படிக் கூட்டிப்போக இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். புதன்கிழமை கழிந்தது. வரவில்லை பார், திமிரு இன்னும் அடங்கவில்லை என்று அண்ணன் பேசியதும் அன்றைக்கே அவள் காதுக்கு வந்துவிட்டதாம்.

 யாரிடமாவது சொல்லாவிட்டால் நஞ்சுண்டனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"அன்னைக்கு நான் கடைக்குள்ளதானுங்க இருந்தேன்," என்றான்.

மெர்சி அவனைத் திட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவளுக்குத் தெரியுமுங்க. உங்க செருப்பு வாசல்ல கெடந்துச்சாமா. கதை கடைசிக்கு வந்துருச்சாட்ட இருக்குது, நாம போயிக் கெடுக்க வேண்டாம்னு திரும்பி வந்துட்டா."