நான் சரித்த மதில்

யுத்தம் தொடங்கிய மறு வருஷம், மாசி மாதம் ஒரு சாயங்காலம், திருமயம் கோட்டையில் நடந்தது இது. சேதுபதிகள் காலத்துக் கோட்டை. குன்றைச் சுற்றி ஏழு மதில்கள் இருந்தன என்பார்கள். இடிந்தது போக எனக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை. கட்டுரை எழுதுவதற்காகப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு குடை, ஒரு நோட்டு, நிறையத் தலைக்கனம் ஆகியவற்றோடு போயிருந்தேன்.

மதிலில் மற்ற இடமெல்லாம் அடியில் கல், மேலே செங்கல், நடுவே சுண்ணாம்புச் சாந்து. ஓரிடத்தில் மட்டும் வெறும் கல் அடுக்கு. ‘கோட்டையிலேயே மிகப் பழைய பகுதி’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே சாந்து இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு கல்லை உருவினேன். அடுக்கே சரிந்தது. சத்தத்தில் மிரண்ட வெள்ளாடு ஒன்று அந்த வழியாகப் பாய்ந்து, வறண்ட அகழியில் விழுந்து கழுத்து முறிந்து செத்தது.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடி வந்தாள்.

“இவனுக்குப் பாலு இந்த ஆடு ஒண்ணுதானுங்களே!”

“பழைய மதில்...” என்று உளறினேன்.

“மதிலா? ஆடு அங்கிட்டுப் போயிராம நானும் எந் தங்கச்சியும் போன வருசம் அடுக்குன கல்லுங்க. இவனப் பெத்துப் போட்டுட்டு அவ போய்ச் சேந்துட்டா.”

குழந்தை வீரிட்டது. அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குள் பால் கேட்கப் போனேன். முதல் வீட்டு மாடத்தில் விளக்கு எரிந்தது.

“வெளக்கு வச்சாச்சு. இனிமே பாலு வாசல் தாண்டாதுங்க.”

அடுத்த வீட்டுக்காரர் சிரித்தார். “கோட்டைக்கு வயசு சொல்ல வந்தவருக்குப் பொழுது தெரியலையாக்கும்!”

மூன்றாம் வீட்டில், மடியில் தன் பிள்ளையோடு இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“பாலுதானே வெளிய வரக்கூடாது? பிள்ளைய உள்ள கொண்டா, ஆத்தா.”

சிறிது நேரத்தில் அழுகை நின்றது. நான் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறு வாரம் ஒரு கறவை ஆட்டை ஆள் மூலம் அனுப்பினேன். நேரில் போகவில்லை. தாயில்லாத அந்தக் குழந்தை பிழைத்ததா என்று கேட்க ஒரு நாள் பிரயாணம் போதும். அதற்கு வேண்டிய தைரியம், எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு இன்னும் வந்தபாடில்லை.