அப்பா வேகவைத்த நைலான்

எங்கள் அப்பாவின் முதலாமாண்டு நினைவுநாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த இரண்டு பக்கத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. எழுதுவேன், எழுந்து போய்த் துணி துவைப்பேன், திரும்பி வந்து கிழித்துப் போடுவேன். அச்சகத்தார் இரண்டு முறை ஆளனுப்பிவிட்டார். இனியும் தள்ளிப்போட முடியாது.

அப்பா சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால்மரம் சீவும் குடும்பத்தில் பிறந்தார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் வேலை கற்றார். உட்காரத் தெரியாத மனிதர். சோறு உண்ணும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவருக்கு நைலான் என்றால் பித்து. புடவை நைலான் அல்ல. கட்டை கட்டையாக வரும் வெள்ளை நைலான். "எண்ணெய் கேக்காது, துரு பிடிக்காது, சத்தம் போடாது. வெண்கலம் தேயிற இடத்துல இது தேயாது" என்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொன்னவர். அவர் நச்சரிப்பு தாங்காமல், பட்டறைக்குச் சாமான் வாங்கும் மாணிக்கம் மாமா முதல் கட்டையைத் தருவித்தார். அப்பா அதில் புஷ் கடைந்து ஒரு ரப்பர் ஆலைக்குப் போட்டுக் கொடுத்தார். புஷ் என்பது உருளையின் அச்சைத் தாங்கும் வளையம். ரப்பரை அலசும் தண்ணீர் நாள் முழுதும் அதன்மேல் கொட்டும்.

பத்தாம் நாள் புஷ் அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆலை நின்றது. பட்டறை முதலாளியான தவுக்கே கொதித்துப்போனார். தப்பு சாமான் வாங்கியவனுடையதா, கடைந்தவனுடையதா என்று மறுநாள் காலை தெரிய வேண்டும், ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மாலையில் அப்பா கழற்றிய புஷ்ஷோடு வந்தார். அம்மா அழுதார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வாய் முந்தும். "நைலான் மட்டம்னு சொல்லிடுங்கப்பா. மாமாதானே வாங்கினாரு, அவரு பார்த்துக்கட்டும் லா" என்றேன். மாமாவுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். தெரிந்தேதான் சொன்னேன்.

அப்பா மீந்த நைலான் துண்டொன்றை அளந்தார். சோற்றுப் பானையில் தண்ணீர் வைத்து அதை வேகப்போட்டார்.

"ஐயோ, என் பானை!" என்று அம்மா அலறினார்.

அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தார் அப்பா. பிறகு துண்டை எடுத்து ஆறவிட்டு மறுபடி அளந்தார். அது பருத்திருந்தது.

"தண்ணி குடிச்சிருக்கு. அச்சைச் சுத்தி வெண்கலத்துக்கு விடுற இடைவெளியத்தான் இதுக்கும் விட்டிருக்கேன். சாமான் நல்ல சாமான்மா. கடைஞ்சவன்தான் மடையன்."

மறுநாள் தவுக்கேயிடமும் அதையே சொன்னார். வேலை போயிற்று. ஏழு வாரம் வீட்டில் குட்டிபோட்ட பூனையாகச் சுற்றினார். மாணிக்கம் மாமா தினமும் தவுக்கேயின் காலைச் சுற்றி அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அதன்பின் ஈரத்தில் ஓடும் புஷ் என்றால், அப்பா நைலானை வேகவைத்து, தாராளமாக இடைவெளி விட்டுத்தான் கடைவார். பாகான் டத்தோ எண்ணெய் ஆலைகளிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

கடைசி மூன்று மாதம் அப்பா படுக்கையில் இருந்தார். அப்போதும் விரல்கள் போர்வையின் ஓரத்தை அளந்துகொண்டிருந்தன. மாமா நாள்தோறும் வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டார். "எனக்காக வேலைய விட்ட மனுசன்மா உங்கப்பா" என்பார். நான் அடுப்படிக்கு ஓடிவிடுவேன்.

இரவு பகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், பட்டறை நண்பர்களுக்கும், பந்தல் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாணிக்கம் மாமா, அன்று மாலை நான் சொன்னதை அப்பா உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வீட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.